இரண்டு நொடி தள்ளி ஒரு வாணம்

எங்கள் அயுசே ஊரில் ஆகஸ்டு வாணவேடிக்கையன்று யார் வேண்டுமானாலும் தன் பெயரில் ஒரு வாணம் விடலாம். கமிட்டியில் பணம் கட்டி நான்கு வரிச் செய்தி எழுதிக் கொடுத்தால் போதும். ஆற்றங்கரையில் மைக்கின் முன் உட்கார்ந்திருக்கும் சோனோபே-ஸான் அதை வாசிப்பார். வாசித்து முடித்ததும் எதிர்க்கரையிலிருந்து அந்த வாணம் கிளம்பும். சோனோபே-ஸான் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமனாரின் எண்பத்தெட்டாவது பிறந்தநாள், கோழிக்கடையின் புதுக் கிளை, செத்துப்போன நாய்க்கு நன்றி என்று எதைக் கொடுத்தாலும், இடதுபக்க ஜன்னலில் மலை தெரிகிறது என்று சொல்லும் அதே இனிய குரலில்தான் வாசிப்பார்.

அந்த வருடம் இசோகாய் எழுதிக் கொடுத்த செய்தி இது: "யாசுயோ-ஸான், உங்கள் கடைக் கொதிகலன் எப்போது நின்றாலும் ஓடி வரும் உரிமையை எனக்கு நிரந்தரமாகக் கொடுங்கள். நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா?"

இசோகாய் குழாய், குளியல் தொட்டி, கொதிகலன் வேலை செய்பவன். முடிதிருத்தும் கடை நெமோதோவும், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நானும் அவனும் பள்ளியில் ஒரே வகுப்பு. ஐம்பது தாண்டியும் கல்யாணமாகாதவன். யாசுயோ-ஸான் ரயில் நிலையத்துக்கு எதிரே சலவைக்கடை நடத்துகிறார். வெளியூரிலிருந்து மருமகளாக வந்து, கணவர் இறந்துபோன பிறகும் கடையை மூடாமல் தாங்கி நிற்பவர். அந்தக் கடையின் கொதிகலன் அவ்வளவு அடிக்கடி கெடுவதற்குக் காரணம் கொதிகலனா இசோகாயா என்பதில் ஊரில் இரண்டு கருத்து உண்டு.

செய்தியைக் கேட்டதும் கரையில் இருந்த ஜனமெல்லாம் கைதட்டியது. கேட்காதவர் ஒரே ஒருவர்தான். திருவிழா வேலைகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது யாசுயோ-ஸானுக்குக் கோவில் பின்புறக் கார் நிறுத்துமிடம் விழுந்திருந்தது. நடுவில் குன்று. அங்கே ஒலிபெருக்கி கேட்காது. இசோகாய் அதற்கு முன்பே பணம் கட்டிவிட்டான். வேலையை மாற்றித் தரச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் தைரியம் இருந்தால் அவனுக்கு வாணமே தேவைப்பட்டிருக்காது.

மறுநாள் நெமோதோவின் கடையில் நாங்கள் அவனைப் பிடித்து உட்கார வைத்தோம். நேரில் போய்ச் சொல்லிவிடு என்றோம். அவன் தலையை ஆட்டினான்.

"ஊரு முன்னாடி ஒரு தடவ சொல்லிட்டேன். என்கிட்ட இருந்த தைரியம் அவ்வளவுதான். இனிமே டிவிடிதான் சொல்லணும்."

அந்த டிவிடி எங்கள் ஊர் வழக்கம். செப்டம்பரில் கமிட்டியும் உதவி செய்தவர்களும் சமூகக்கூடத்தில் குறைநிறைக் கூட்டம் என்று ஒன்று கூடுவோம். பீர், அவித்த சோயாக் காய், வறுத்த கோழி, பெரிய டிவியில் வாணவேடிக்கை. குறையும் நிறையும் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. வாணம் விட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டிவிடியும் உண்டு. பென் டிரைவில் கொடுத்தால் பாதிப் பேர் அதை அலமாரியில் வைத்துக் கும்பிடுவார்கள். டிவிடி என்றால் எல்லோர் வீட்டிலும் போட ஒரு பெட்டி இருக்கிறது.

யாசுயோ-ஸான் கூட்டத்துக்கு வருவார், டிவியில் பார்ப்பார் என்பது திட்டம். அதுவரை ஒருவரும் அவரிடம் மூச்சுவிடக்கூடாது என்று சோனோபே-ஸான் உத்தரவு போட்டார். ஊர் வாயை மூடிக்கொண்டது, ஆனால் முகத்தை என்ன செய்ய முடியும்? ஒருநாள் யாசுயோ-ஸான் என் கடைக்கு மூக்குத்தாங்கி மாற்ற வந்தார். கடையின் முகம் பார்க்கும் கண்ணாடியில் முதலில் அவர் பார்த்தது தன் முகத்தைத்தான்.

"செகிநே-ஸான், என் மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா? டோஃபு கடைக்காரர் ஒரு துண்டு சும்மா குடுக்கறார். தபால்காரர் என்னப் பாத்துக் குனிஞ்சு கும்பிடறார். நான் ஏதாவது சாகப்போறேனா?"

வெயில் ஜாஸ்தி, அதனால் எல்லோரும் ஒருமாதிரி இருக்கிறார்கள் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கமிட்டியின் பழைய வீடியோ கேமரா அந்த வசந்தத்தில் உயிரை விட்டிருந்ததால், நெமோதோ தன் புதுப் போனை முக்காலியில் பொருத்தி வாணவேடிக்கை முழுவதையும் எடுத்திருந்தான். அந்த ஃபைலை, இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒரு மென்பொருளில் கொடுத்து டிவிடியாகவும் மாற்றிவிட்டான். கூட்டத்துக்கு முன்னோட்டம் பார்க்க ஒரு சாயங்காலம் அவன் கடையில் சேர்ந்தோம். நான், இசோகாய், சோனோபே-ஸான்.

தொடக்கத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. திரையின் ஓரத்தில் சோனோபே-ஸான் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார், உதடு அசைகிறது, குரல் வருகிறது. கொஞ்ச நேரத்தில் குரல் உதட்டுக்குப் பின்னால் இழுபட ஆரம்பித்தது, டப்பிங் படம் மாதிரி. பாதி தாண்டியதும் வாணம் வெடித்து அணைந்த பிறகுதான் அது யாருடையது என்ற அறிவிப்பு வந்தது. பிறகு இசோகாயின் முறை. வானத்தில் இளஞ்சிவப்பில் இதயம் விரிந்தது. சோனோபே-ஸானின் குரல் இனிமையாகச் சொன்னது: "உங்கள் கழிவுநீர்த் தொட்டி நிறையும் முன் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்."

அது இசோகாய்க்கு முந்தின ஆளின் விளம்பரம். இசோகாயின் செய்தி அடுத்த வாணத்தின் மேல் போய் விழுந்தது. அடுத்த வாணம் பாலர் பள்ளியுடையது, தவளை முகம். "நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா" என்று குரல் கேட்க, பச்சைத் தவளை ஒன்று வானம் நிறையச் சிரித்தது. கடைசி வாணமும் அணைந்து திரை முழுக்கக் கறுத்த பிறகும் சோனோபே-ஸான் அரை நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்.

இசோகாய் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். சவரத்துக்கு உட்கார்ந்தவன் மாதிரி இருந்தது. இதை யாசுயோ-ஸான் பார்த்தால் தான் ஊரைவிட்டே போக வேண்டும் என்றான். நெமோதோ அவன் தோளைத் தட்டி, சத்தத்தைக் கொஞ்சம் முன்னால் இழுத்தால் தீர்ந்தது என்றான்.

அங்கேயே இழுத்தான். இப்போது இசோகாயின் இதயம் சரியாக அமைந்தது. ஆனால் தொடக்கத்தில் சோனோபே-ஸான் மேடைக்கே வந்து சேரவில்லை, அவர் குரல் மட்டும் காலி நாற்காலியிலிருந்து எல்லோரையும் வரவேற்றது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படமும் சத்தமும் பொருந்தாமல் போவதில் இரண்டு வகை உண்டு. சுவர்க் கடிகாரத்தை வைத்து யோசித்தால் எளிது. ஒரு கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கி இருக்கிறது, ஆனால் ஒழுங்காக ஓடுகிறது. காலையிலும் பத்து நிமிடம், மாலையிலும் பத்து நிமிடம். முள்ளை ஒருமுறை தள்ளி வைத்தால் போதும். இன்னொரு கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. காலையில் சரியாக இருக்கும், மாலைக்குள் பின்தங்கிவிடும். அதன் முள்ளை எத்தனை முறை தள்ளினாலும் அந்த நேரத்துக்கு மட்டும்தான் சரி. எங்களுடையது இரண்டாவது வகை. நெமோதோ முதல் வகைக்கான மருந்தைக் கொடுத்திருந்தான்.

இதைச் சொன்னதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மெதுவாக ஓடினால் வேகமாக ஓட்டினால் போயிற்று. சத்தத்தின் மொத்த நீளத்தைப் படத்தின் நீளத்துக்குச் சுருக்கிவிடலாம். தொடக்கமும் முடிவும் தானாகச் சேர்ந்துவிடும். யோசனை மோசமில்லை. ஒலிநாடாவைச் சற்று வேகமாக ஓட்டுவது போலத்தான். ஆனால் வேகமாக ஓடும் நாடாவில் குரலும் கீச்சென்று ஏறும். சோனோபே-ஸான் தன் குரல் பாலர் பள்ளிப் பிள்ளை போல ஒலிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"நெமோதோ, நான் இருபத்தஞ்சு வருஷம் மைக் பிடிச்சவ. இந்தக் குரலோட என்னப் பெட்டில வெச்சு ஊரெல்லாம் குடுத்தா, உன் தலைய நானே சிரைப்பேன்."

அதோடு இன்னொரு குறையும் இருந்தது, எனக்கு அதுதான் சுவாரசியமாகப் பட்டது. தொடக்கமும் முடிவும் பொருந்தின. நடுவில் பொருந்தவில்லை. சீராக மெதுவாக ஓடும் கடிகாரம் என்றால் சீராகச் சுருக்கியதும் எல்லா இடமும் சரியாகியிருக்க வேண்டும். அப்படியானால் இது சில சமயம் மெதுவாகவும் சில சமயம் ஒழுங்காகவும் ஓடுகிற கடிகாரம். எப்போது மெதுவாகிறது?

முதல் டிவிடியை வீட்டுக்கு எடுத்துப்போய் அங்கங்கே நிறுத்தி இடைவெளியை அளந்தேன். சரசரவென்று வாணங்கள் அடுக்கடுக்காக வெடிக்கும் பகுதிகளில் இடைவெளி வளரவே இல்லை. எதிர்க்கரையில் அடுத்த வாணத்துக்கு ஏற்பாடு செய்யும் அந்த நீண்ட இருட்டுகளில்தான் அது வளர்ந்தது. நீளமான இருட்டு, பெரிய வளர்ச்சி. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. கண்ணாடிக்கடைக்காரிக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்?

இருட்டுக்குள் போனால் நம் கண்ணின் பாப்பா விரிகிறது. வாசலைப் பெரிதாகத் திறந்து, இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் உள்ளே விடுகிறது. போனின் கண்ணுக்கு அந்த வசதி இல்லை, அதன் துளை ஒரே அளவு. ஆகவே அது வேறு தந்திரம் செய்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிறது. வாணம் வெடித்து வெளிச்சமாக இருக்கும்போது நொடிக்கு முப்பது படம் எடுக்கும் போன், இருட்டில் இருபத்துநான்கோ இருபதோதான் எடுக்கும். குழாயில் தண்ணீர் சன்னமாக வந்தால் வாளி நிறைய நேரமாகும், ஒரு மணி நேரத்தில் நிரம்பும் வாளிகளும் குறையும். இசோகாய்க்கு நான் இப்படித்தான் சொன்னேன், அவன் உடனே புரிந்துகொண்டான்.

போனைக் குறை சொல்லக்கூடாது. ஒவ்வொரு படத்தையும் எந்தக் கணத்தில் காட்ட வேண்டும் என்று அது ஃபைலுக்குள் ஒழுங்காகக் குறித்து வைக்கிறது. நெமோதோவின் இலவச மென்பொருள்தான் அந்தக் குறிப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டுக்கட்டைப் பிரிப்பது போல, நொடிக்கு முப்பது என்று கண்ணை மூடிக்கொண்டு படங்களைப் போட்டுக்கொண்டே போனது. இருட்டில் எடுத்த இருபது படம் ஒரு நொடிக்குரியது. அதை முக்கால் நொடிக்கும் குறைவாக ஓட்டிவிட்டது. ஆகவே இருட்டு வரும்போதெல்லாம் படம் சத்தத்தை முந்திக்கொண்டு ஓடியது. சத்தம் பாவம், தன் வேகத்தில் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. நெமோதோ தண்டித்தது நிரபராதியை.

மருந்தும் அதிலிருந்தே கிடைத்தது. ஃபைலை நேராக டிவிடிக்குக் கொடுக்காமல் நடுவில் ஒரு படி வைக்க வேண்டும். படங்களின் நேரக் குறிப்பை மதிக்கிற மென்பொருளில் கொடுத்து, எல்லா நொடிக்கும் ஒரே எண்ணிக்கை வரும்படி புதிதாக ஒரு ஃபைல் செய்தேன். இருட்டில் படம் குறைகிற இடத்தில் முந்தின படத்தையே இன்னொரு முறை வைத்து அது நிரப்பிக்கொள்ளும். இருட்டு வானத்தை இரண்டு முறை காட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? சத்தத்தை டிவிடி கேட்கும் அளவுக்கு, நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துளியாக நறுக்கி மாற்றிக்கொண்டேன். அதன் பிறகுதான் டிவிடி. முதலில், அழித்து எழுதக்கூடிய ஒரு தட்டில் எழுதி, நெமோதோ கடையின் பழைய பெட்டியில் போட்டுப் பார்த்தோம். கம்ப்யூட்டரில் சரியாக ஓடுவதை நம்பக்கூடாது. ஊர்க்காரர்கள் பார்க்கப்போவது இந்த மாதிரிப் பெட்டியில்தான்.

சோனோபே-ஸானின் உதடும் குரலும் கடைசிவரை கைகோத்துப் போயின. கழிவுநீர்த் தொட்டிக்காரருக்கு அவருடைய பொன்னிற வில்லோ மர வாணம் கிடைத்தது. தவளை பாலர் பள்ளிக்குத் திரும்பியது. இசோகாயின் செய்தி முடிய, சின்ன இருட்டு, பிறகு இதயம்.

இசோகாய் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தான். கவலை தீர்ந்த முகமாக இல்லை.

"தலைகீழால்ல இருக்கு."

உண்மைதான். உருவ வாணங்கள் உருண்டுகொண்டே ஏறும். எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது வெடிக்கும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது. அவனுடையது கூர் முனை மேலே இருக்கும்படி வெடித்திருந்தது.

"பீச் பழம்னு நெனச்சுக்குவாங்களா?" என்று கேட்டான்.

நெமோதோ அவனுக்கு ஆறுதல் சொன்னான். "பீச் பழத்தோட நிறுத்திக்கிட்டா அதிர்ஷ்டம்னு வெச்சுக்க."

அந்தத் தட்டில் ஓடிய ஃபைலை மூலப்பிரதியாக வைத்து, ஊருக்குக் கொடுக்க வேண்டிய பிரதிகளை எழுதும் வேலையை நெமோதோவிடம் விட்டேன். ஓட்டிப் பார்த்த தட்டை என் பையிலேயே போட்டுக்கொண்டேன். கூட்டத்துக்கு முன்தினம் அவன் கடைக்கு எட்டிப் பார்த்தபோது பிரதிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நீ விட்டுவைத்த ஒரு சின்னத் தப்பையும் நானே பார்த்துக்கொண்டேன் என்றான். அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தாவது நான் கேட்டிருக்க வேண்டும். வாடிக்கையாளர் காத்திருந்ததால் கடைக்கு ஓடிவிட்டேன்.

கூட்டத்தன்று சமூகக்கூடம் நிறைந்திருந்தது. வழக்கமாகப் பாதிப் பேர்தான் வருவார்கள். இந்த வருடம் வேலைக்கே வராதவர்களெல்லாம் வந்து, குறைநிறை பேசுவதில் திடீர் அக்கறையோடு தரையில் ஆளுக்கொரு சிறு மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாசுயோ-ஸானுக்கு டிவிக்கு நேர் எதிரே நல்ல இடமாகக் காலியாக விட்டிருந்தார்கள். அவர் எவ்வளவோ மறுத்தும் கேட்காமல் அங்கேயே உட்கார வைத்தார்கள். இசோகாய் அவருக்கு இரண்டு மெத்தை தள்ளி உட்கார்ந்து, ஒரே சோயாக் காயை உரித்துக்கொண்டே இருந்தான்.

நெமோதோ தட்டைப் போட்டான். சோனோபே-ஸான் திரையில் வணக்கம் சொல்கிறார், ஆனால் குரல் முந்தி வருகிறது. முதல் வாணத்துக்கு அறிவிப்பு முடிந்தது. இருட்டு வானத்தைப் பார்த்து டிவிக்குள் இருந்த ஜனம் "ஓ" என்று வியந்தது. வியந்து முடித்த பிறகு வாணம் வெடித்தது. படீர் என்ற சத்தமும் வெளிச்சமும் ஒரே கணத்தில்.

இரண்டாவது வாணமும் அப்படியே. ஊரே முதலில் வியந்தது, பிறகு வானம் பூத்தது. எங்கள் ஊரில் எல்லோரும் ஜோசியர்கள் ஆகிவிட்ட மாதிரி இருந்தது. இசோகாய் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை. நான் எழுந்து போய்ப் பெட்டியை நிறுத்தினேன்.

நெமோதோவுக்குக் கோபம். வெளிச்சம் வந்து ரெண்டு நொடி கழிச்சு சத்தம் வந்துச்சு, நீ கவனிக்கவே இல்ல, நான்தான் சத்தத்தை முன்னால் இழுத்துச் சரிபண்ணினேன், இப்போது பார், எவ்வளவு கச்சிதம் என்றான். பெரிய திரைப்படங்களில் வெடி வெடித்தால் சத்தம் கூடவே வருகிறதா இல்லையா என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டான். சிலர் தலையாட்டினார்கள். எதிர்க்கரைப் பக்கம் வீடுள்ள ஒருவர், தன் மொட்டைமாடியில் எப்போதும் சேர்ந்துதான் வருகிறது என்று சாட்சி சொன்னார். சோனோபே-ஸான் மட்டும், தன் வாயைத் திறப்பதற்கு முன்பே தான் பேசிவிடுவதாகப் புகார் சொன்னார்.

நான் விளக்கினேன். வாணம் விடுகிற இடம் எங்கள் கரையிலிருந்து கிட்டத்தட்ட எழுநூறு மீட்டர். வெளிச்சத்துக்கு அது தூரமே இல்லை. வெடித்த கணமே கண்ணுக்கு வந்துவிடும். சத்தம் நடந்து வருகிற ஆள். அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு இரண்டு நொடி வேண்டும். சோனோபே-ஸானின் ஒலிபெருக்கி போனுக்குப் பக்கத்தில் இருந்தது, ஜனமும் பக்கத்தில். அவர்கள் குரல் அப்போதைக்கப்போதே வரும். வெடிச்சத்தத்தை இழுத்தால் ஒரே நாடாவில் இருக்கிற அத்தனை குரலும் கூடவே இழுபடும். ஆகவே அந்த இரண்டு நொடி பிழையில்லை. அது ஆற்றின் அகலம். அதை வெட்டினால் ஆற்றை வெட்டியதாக ஆகும்.

அழகாகச் சொல்லிவிட்டதாக நினைத்தேன். கூடம் என்னை நம்பாமல் பார்த்தது. ஓட்டுக்கு விடலாமா என்று ஒருவர் கேட்டார். இசோகாயின் வாழ்க்கை கை தூக்குகிறவர்களின் எண்ணிக்கைக்குப் போய்விட்டது.

அப்போது யாசுயோ-ஸான் பேசினார். "நான் அன்னைக்குக் கோவில் பின்னாடி நின்னேன். குன்றுக்கு மேல வெளிச்சம் தெரியும். சிவப்புத் தடியை வலது கைலேர்ந்து இடது கைக்கு மாத்துவேன், கார்க்காரருக்கு வழி காட்டுவேன், அப்புறம்தான் படீர்னு கேக்கும். ரெண்டும் சேந்து வந்திருந்தா நான் வாணத்துக்கு அடியில நின்னிருக்கணும். செகிநே-ஸான் சொல்றதுதான் சரி."

நெமோதோ ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டான். என் பையில் இருந்த தட்டைப் போட்டேன்.

இப்போது குரலும் உதடும் சேர்ந்து வந்தன, வானம் பூத்த பிறகு ஜனம் வியந்தது, அதன் பிறகு வெடி அதிர்ந்தது. கூடத்தில் பேச்சு மெல்ல அடங்கியது. ஒரு வாணம், இன்னொரு வாணம். பொன்னிற வில்லோ மரம் அணைந்தபோது, பின்வரிசையில் யாரோ பீர் கோப்பையைத் தரையில் வைக்கிற ஓசை கேட்டது.

சோனோபே-ஸானின் குரல் வந்தது. யாசுயோ-ஸான், உங்கள் கடைக் கொதிகலன் எப்போது நின்றாலும். கூடத்தில் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை, எல்லோரும் யாசுயோ-ஸானின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் திரையைப் பார்த்தார். நிரந்தரமாகக் கொடுங்கள். நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா. இசோகாய்.

இருட்டு. ஒரு கோடு மேலே ஏறியது. இளஞ்சிவப்பில் இதயம், தலைகீழாக, திரை முழுக்க விரிந்தது. சத்தம் இன்னும் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. அந்த மௌனத்தில் யாசுயோ-ஸான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சாதாரணக் குரலில் ஏதோ சொன்னார். சொல்லி முடிக்கவும் வெடி அதிர்ந்தது. டிவிக்குள் இருந்த ஜனம் சிரித்துக் கைதட்டியது, கூடத்திலும் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க என்று ஒருவரையொருவர் இடித்துக் கேட்டார்கள்.

"இருங்க, பின்னாடி போறேன்," என்று நெமோதோ என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினான்.

கோடு ஏறியது, இதயம் விரிந்தது. மொத்தக் கூடமும் மூச்சை அடக்கிக்கொண்டு டிவியை நோக்கிக் காதைச் சாய்த்தது. மௌனம், பிறகு வெடி. நெமோதோ குழம்பிப்போய், சத்தத்தைக் கூட்டி இன்னொரு முறை போட்டான்.

இங்கேயும் ஒன்றை விளக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இசோகாய் இரண்டு மெத்தையைத் தாண்டி யாசுயோ-ஸான் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். அவன் கேட்டதும் அவர் சொன்னதும் பக்கத்தில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

"கொதிகலன் வெள்ளிக்கிழமையே நின்னுபோச்சா? கூப்பிட்டிருக்கலாம்ல. எப்படி இத்தன நாள் துணி தேச்சீங்க?"

"கையாலதான். நீங்களே எட்டிப் பாப்பீங்கன்னு இருந்தேன். நீங்க என் தெருப்பக்கமே வரல."

"பர்னர்ல நெருப்பு பிடிக்குதா, இல்ல பிடிக்கவே இல்லையா?"

"பிடிக்கல. நாளைக்கு வாங்க."

இசோகாய் கையிலிருந்த சோயாக் காயைப் பார்த்தான். பிறகு, கொதிகலன் சம்பந்தமாக இன்னொரு விவரம் கேட்பது போலவே கேட்டான்.

"அப்போ சரின்னு வெச்சுக்கலாமா?"

"எதுக்கு? கொதிகலனுக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும்தான்," என்றார் யாசுயோ-ஸான். "ஆனா காசு வாங்கிக்கணும். இல்லன்னா அடுத்த தடவ கூப்பிட எனக்குக் கூச்சமா இருக்கும்."

டிவியில் இதயம் நான்காவது முறையாகத் தலைகீழாக விரிந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, சத்தம் பத்தல, பதில் இன்னும் கேக்கல என்று நெமோதோவிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.